சமயப் பள்ளிக்கு விடுதி எதற்கு?

பிள்ளைகளுக்குத் தம் சமயத்தைக் கற்பிக்க விரும்புகிற எவருக்கும் ஒரு கேள்வி வந்தே தீரும். பிள்ளையைக் காலையில் வரவழைத்து மாலையில் வீட்டுக்கு அனுப்புவதா, கூடவே தங்க வைத்துக்கொள்வதா? வேத பாடசாலை, மதரஸா, கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி, குருகுலம் எதுவானாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். தங்க வைப்பதே மேல் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒழுங்கு வரும், கவனம் சிதறாது, பக்தி ஊறும் என்கிறார்கள். பெற்றோரும் அதை நம்பி, பெட்டி படுக்கையோடு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் ஒரே சமயக் குழு, ஒரே மக்களிடையே, இரண்டு வகைப் பள்ளிகளையும் அருகருகே ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் நடத்திப் பார்த்தது. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது இதுதான்: சமயம் சொல்லிக்கொடுக்க விடுதி தேவையில்லை. பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கச் சமயத்தைத் தவிர வேறு நல்ல காரணம் இருந்தால் மட்டுமே விடுதிக்கு நியாயம் உண்டு. அப்போதும் வீட்டுக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்க வேண்டும்.

அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கர்களை விரும்பவில்லை; இலங்கையில் ஆளுநர் பிரவுன்ரிக் இடம் கொடுத்தார். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்கள் பாழடைந்து கிடந்த வளவுகள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களுக்குக் கிடைத்தன. பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று பரவினார்கள். முதலில் அவர்கள் கையிலெடுத்தது ஊர்ப் பள்ளிகளைத்தான். ஓலை வேய்ந்த ஒரு கொட்டில், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வாத்தியார், தரையில் பரப்பிய மணல் இவ்வளவு போதும், பள்ளிக்கூடம் நடந்துவிடும். பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு எழுத்தாணிக்கும் ஓலைக்கும் போகும். வாத்தியார் பெரும்பாலும் சைவர். திருநீறு பூசிய அவரே மிஷன் கொடுத்த கிறிஸ்தவ வினாவிடையையும் மனப்பாடம் செய்விப்பார். மிஷன் அவருக்குச் சம்பளம் கொடுக்கும். பிள்ளை பாடத்தை ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போகும். வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்குத் தேவாரம் கேட்கும். பெற்றோருக்கு இதில் பெரிய சங்கடம் எதுவும் இருக்கவில்லை. எழுத்தும் கணக்கும் இலவசமாகக் கிடைத்தன; கூடவே வந்த வேற்றுச் சமயப் பாடத்தை வீடு தன் வழியில் பார்த்துக்கொண்டது.

சங்கடம் மிஷனரிகளுக்குத்தான். பகலில் தாங்கள் விதைத்ததை இரவில் வீடு களைந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். திருவிழா வந்தால் பள்ளி காலியாகிவிடும். பிள்ளையின் மனத்தை மாற்ற வேண்டுமென்றால் பிள்ளையின் வீட்டை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். விடுதிப் பள்ளி இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. அதற்கு முதல் தடையாக வந்தது வேதாகமமோ வினாவிடையோ அன்று, சோறு. கிறிஸ்தவர் கூரையின் கீழ் உண்ண வேளாளப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆகவே தொடக்க நாட்களில் வட்டுக்கோட்டையில் மிஷன் வளவுக்கு வெளியே, ஒரு சைவரின் காணியில் சமையலும் சாப்பாடும் நடந்தன. அடுத்தது தண்ணீர். மிஷன் வளவுக் கிணற்றில் குடித்தால் தீட்டு என்று மாணவர்கள் மறுத்தார்கள். பிறகு அவர்களே ஒரு வழி கண்டார்கள்: கிணற்றை இறைத்து வற்றச் செய்துவிட்டால் புது ஊற்றுத் தண்ணீர் தீட்டில்லாதது. மழைக்காலத்தில் இறைக்கத் தொடங்கினார்கள். இறைக்க இறைக்க ஊறியது. இவ்வளவு இறைத்ததே போதும், கிணறு சுத்தமாகிவிட்டது என்று தீர்மானித்துக் குடித்தார்கள். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1850-இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். விடுதி என்பது என்ன என்பதை இந்தக் கிணறு நன்றாகக் காட்டுகிறது. வகுப்பறை பிள்ளையின் நாவையும் நினைவையும்தான் தொடுகிறது. விடுதியோ உண்பது, குடிப்பது, குளிப்பது, உறங்குவது எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்கிறது.

பெயரையும் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தாரோ தனி மனிதரோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அவர்கள் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு இடப்படும். இன்றும் யாழ்ப்பாணத்துப் பழைய தமிழறிஞர்களின் பெயர்களுக்கு முன்னால் கறல், நெவின்ஸ், ஆர்னல்ட், எவார்ட்ஸ் என்று ஒட்டிக்கொண்டிருப்பவை அப்படி வந்தவையே. யாரென்று அறியாத ஒரு கொடையாளரின் பெயரைச் சுமந்துகொண்டு, சிறுப்பிட்டியிலோ சுதுமலையிலோ பிறந்த பிள்ளை விடுதிக்குள் நடமாடியது. ஊர்ப் பள்ளியில் படித்த எந்தப் பிள்ளைக்கும் இது நேரவில்லை. அது தாய் தகப்பன் வைத்த பெயரோடு போய், அதே பெயரோடு திரும்பியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, விடுதியின் சாதனையைக் குறைத்துச் சொல்வது அநியாயம். 1823-இல் வட்டுக்கோட்டையில் 48 மாணவர்களோடு தொடங்கிய பள்ளி, சில ஆண்டுகளில் வட்டுக்கோட்டை செமினரி என்று பெயர் பெற்றது. அக்காலத்து ஆசியாவில் அதற்கு நிகரான கல்விக்கூடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆங்கிலம், தமிழ் இலக்கணம், வடமொழி, உயர்கணிதம், வானியல் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. அதன் தலைவரான தானியேல் பூவர் தமிழ் கற்றவர்; பஞ்சாங்கக் கணக்கையும் மாணவர்கள் படிக்க வேண்டும் என்றவர். 1829-இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர் கணித்ததற்கும் செமினரியில் கணித்ததற்கும் வேறுபாடு வந்து, ஊரே வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. அவருக்குப் பின் தலைவரான ஹொய்சிங்டன் தமிழர் சோதிட கணிதத்தை ஆராய்ந்து நூலே வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இந்தச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அவருக்குத் தமிழுலகம் பட்ட கடன் பெரிது.

விடுதிப் பள்ளியை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில்தான் அழுத்தமாகக் கேட்கிறார்கள்: இத்தனை பேரை உருவாக்கியது விடுதிதானே? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களை உருவாக்கியவை நல்ல ஆசிரியர்கள், நூலகம், கருவிகள், தமிழையும் அறிவியலையும் சமமாக மதித்த பாடத்திட்டம். இவற்றுக்கு இரவுத் தங்கல் கட்டாயமில்லை என்பதற்கு அதே ஊரில், அதே காலத்தில் சான்று இருக்கிறது. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் பீட்டர் பெர்சிவலிடம் ஆங்கிலம் படித்தார். அங்கேயே கற்பிக்கவும் செய்தார். பெர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவினார். மிஷனரிகளின் கல்வி முறை முழுவதையும் அவர் உள்ளிருந்தே கற்றுக்கொண்டார். ஆனால் சைவ வீட்டின் வழக்கங்கள் எதுவும் அவரை விட்டுப் போகவில்லை. விடுதியின் நோக்கம் அறிவு மட்டுமாக இருந்திருந்தால், செமினரியும் பெர்சிவலின் பள்ளியும் ஒரே அளவு வெற்றி பெற்றவை. நோக்கம் சமய மாற்றம் என்றால், பல ஆண்டுகள் மிஷன் சோற்றை உண்டு வளர்ந்த தாமோதரம்பிள்ளையே பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். திரும்பியவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. வீட்டைப் பிரித்து வைத்துப் பெற்ற சமயப் பற்று, எதிர்பார்த்த அளவுக்கு நிலைக்கவில்லை.

இந்தக் கணக்கை மிஷனின் தலைமையே போட்டுப் பார்த்தது. 1837-இல் அமெரிக்காவில் வங்கிகள் நொடித்துப் பணமுடை வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு வரும் தொகை குறைந்தது. சுமார் 5,000 பிள்ளைகள் படித்த நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்ப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. விடுதிகளும் ஆள் குறைத்தன, ஆனாலும் நின்றன. ஒரு பிள்ளைக்குச் சோறும் துணியும் கொடுத்து ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் செலவில் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கலாம் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். 1855-இல் பாஸ்டனிலிருந்து மிஷன் சங்கச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்தார். ஆங்கிலம் படித்த விடுதி மாணவர்கள் ஊருக்குத் திரும்பாமல் அரசு வேலைக்குப் போகிறார்கள், ஊர்ச் சபைகளை நடத்தத் தமிழில் படித்த ஊர்க்காரர்களே வேண்டும் என்று அவர் வாதிட்டார். அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. இந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆண்டர்சன் விடுதியோடு சேர்த்து உயர்கல்வியையும் மூடிவிட்டார். ஊர் மக்களுக்கு வேண்டியிருந்தது அந்த உயர்கல்விதான். அவர்கள் விடாமல் கேட்டதன் விளைவாகவே 1872-இல் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

நாவலர் எடுத்த வழிதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. 1848-இல் அவர் மிஷன் வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864-இல் சிதம்பரத்திலும் ஒன்று நிறுவினார். பாலபாடங்கள், வினாவிடைகள், வகுப்பு முறை, அச்சகம் என்று மிஷனரிகளிடமிருந்து எடுக்கத்தக்கவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டார். எடுக்காமல் விட்டது விடுதியை. அது அவருக்குத் தேவைப்படவே இல்லை. சைவப் பிள்ளைக்கு வீடே பாதிப் பள்ளிக்கூடம். மீதிப் பாதியைக் கொடுத்தால் போதும். பகலில் படித்த சைவ வினாவிடையை இரவில் தகப்பனார் கேட்டுத் திருத்துவார், பிள்ளை சொன்னதைக் கேட்டு எழுத்தறியாத தாயும் சிலதைக் கற்றுக்கொள்வார். இப்படி ஒரு பிள்ளையின் வழியாகப் பள்ளி முழு வீட்டையும் எட்டியது. அதோடு, ஒவ்வொரு மாலையும் பள்ளி வீட்டாரின் மதிப்பீட்டுக்கு உட்பட்டது. வாத்தியார் அளவுக்கு மீறி அடித்தாலோ ஒன்றும் சொல்லிக்கொடுக்காவிட்டாலோ அன்றைக்கே வீட்டுக்குத் தெரிந்துவிடும். சமயத்தை ஆழமாகக் கற்பிக்கும் பள்ளியும் பிள்ளையை வீட்டில் விட்டே நடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

ஆனால் நாவலர் பள்ளியைப் புகழும்போது அதன் வாசலில் நின்றவர்களை மறக்கக் கூடாது. அது சாதி ஒழுங்குக்குள் நின்ற பள்ளி. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. இங்கிருந்துதான் விடுதியின் பக்கமாகச் சொல்லப்படும் மிக வலுவான வாதம் பிறக்கிறது: வீடே தடையாக இருக்கும்போது என்ன செய்வது? வீட்டையும் ஊரையும் அனுசரித்துப் போகும் பள்ளி, வீட்டின் அநீதிகளையும் அனுசரித்துத்தானே போகும்? பெண்கல்வியில் இந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். 1824-இல் ஹேரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியபோது, படிக்கும் பெண் என்பதே யாழ்ப்பாணத்தில் விசித்திரம். சிறுவயதில் மணம் பேசிவிடுவார்கள். பருவம் எய்தியதும் வீட்டுக்குள் இருத்திவிடுவார்கள். தினமும் வீடு திரும்பும் பெண் ஒரு நாள் திரும்பி வராமலே நின்றுவிடுவாள். விடுதியில் இருந்ததால்தான் அவளுக்குப் பல ஆண்டுகள் தொடர்ச்சியாகப் படிக்க முடிந்தது. எலைசா அக்னியூ நாற்பது ஆண்டுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் இருந்து அந்தப் பள்ளியில் பெண்களை வளர்த்தெடுத்தார். பின்னர் சைவர்களும் இந்த நியாயத்தை ஏற்றார்கள். 1913-இல் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென விடுதியோடு ஒரு கல்லூரி நிறுவினார். அதன் முதல் அதிபராக இருந்தவர் லண்டன் மேடைகளில் புகழ்பெற்ற நடிகை ஃபுளோரன்ஸ் ஃபார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடுவிலிலும் மருதனார்மடத்திலும் விடுதியை நியாயப்படுத்தியது பெண்ணுக்கு இருந்த தடை. சமயம் எதுவானாலும் அந்த நியாயம் அப்படியே இருந்தது. பெண்கள் தெருவில் தயக்கமின்றி நடந்து பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது அந்த நியாயத்தின் பெரும்பகுதி தானாகவே தளர்ந்தது.

சாதிக்கு வருவோம். ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் விடுதி சாதியை உடைக்கும் என்பது அழகான எதிர்பார்ப்பு. சில இடங்களில் உடைத்தும் இருக்கிறது. ஆனால் விடுதி என்பதாலேயே அது நடந்துவிடாது. தமிழ்நாட்டில் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம் இதற்குக் கசப்பான சான்று. தேசபக்தர்கள், காங்கிரஸ் பணம், நாட்டு விடுதலை என்ற உயர்ந்த நோக்கம் எல்லாம் இருந்தும், பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது 1924, 1925-இல் பெரும் புயலாக வெடித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். தமிழக அரசியலின் போக்கையே அது திருப்பியது. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பதே ஐயர் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். வீட்டின் அநீதி விடுதிச் சமையலறைக்குள் எவ்வளவு எளிதாக நுழைந்துவிட்டது பாருங்கள். மறுபுறம், யாழ்ப்பாணத்தில் 1930 வாக்கில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று கல்வித் துறை வலியுறுத்தியது. அதை எதிர்த்தவர்கள் சில பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். ஆனால் அந்தப் போராட்டம் நடந்த இடம் பகற்பள்ளியின் பெஞ்சு. சட்டம் நுழைய முடிந்ததும் அங்கேதான். பிள்ளைகளை ஒளித்து வைத்துச் சாதியை ஒழிப்பதைவிட, ஊரார் கண்ணெதிரே ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது கடினம். ஆனால் அதுதான் ஊரையும் மாற்றும்.

வறுமையும் அப்படியே. ஏழைப் பெற்றோர் பலர் விடுதிக்குப் பிள்ளையை அனுப்பியது பக்தியால் இல்லை, மூன்று வேளைச் சோற்றுக்காக. இன்றும் நிலை பெரிதாக வேறில்லை. சமய விடுதிகளில் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் யாருடைய பிள்ளைகள் என்று பார்த்தால் போதும். இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்குப் பதில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. 1956-இல் காமராஜர் அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றார், 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்தார், 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காமலே பள்ளி சோறு போட முடியும் என்று தமிழ்நாடு செய்து காட்டிவிட்டது. தூரத்துக்கும் இதேபோல் வழி உண்டு. இலங்கையில் கன்னங்கரா கொண்டுவந்த மத்திய மகா வித்தியாலயங்களில், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துப் பிள்ளைகள் அரசு செலவில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். நல்ல பள்ளி ஊரில் இல்லை என்பதே அங்கே காரணம். பிள்ளையின் நம்பிக்கையை மாற்றும் வேலையை அந்த விடுதிகள் ஏற்கவில்லை. பசிக்கும் தூரத்துக்கும் விடுதி வேண்டுமென்றால் தரலாம். அதைச் சமயத்தோடு முடிச்சுப்போட்டு ஏழையின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது எந்தச் சமயத்துக்கும் பெருமை தராது.

வீடுதான் தடை என்ற அதே எண்ணம், பெற்றோரின் சம்மதம் என்ற வேலியைத் தாண்டினால் எங்கே போய் முடியும் என்பதைக் கனடா காட்டுகிறது. 1879-இல் நிக்கலஸ் டேவின் என்பவர் அரசுக்கு அளித்த அறிக்கையில், பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பகற்பள்ளி பலிக்காது, வீட்டின் செல்வாக்கு பள்ளியின் செல்வாக்கை வென்றுவிடுகிறது என்று வாதிட்டார். யாழ்ப்பாணத்து மிஷனரிகளின் குறையும் இதுவேதான். ஆனால் கனடாவில் அரசு பணம் கொடுத்தது, கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் முதலான திருச்சபைகள் விடுதிகளை நடத்தின, 1920-இல் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. சுமார் 1,50,000 பிள்ளைகள் அந்த விடுதிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்கு அடி விழுந்தது. 1907-இலேயே பீட்டர் பிரைஸ் என்ற மருத்துவ அதிகாரி காசநோயால் பிள்ளைகள் மடிவதை எழுதி எச்சரித்தும் பயனில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2022-இல் போப் பிரான்சிஸ் கனடாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். வட்டுக்கோட்டையையும் கனடாவையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. வட்டுக்கோட்டைத் தகப்பன் எப்போது வேண்டுமானாலும் மகனை அழைத்துப் போகலாம். மாணவர்கள் கிணற்றை இறைத்துத் தங்கள் நிபந்தனையைச் சொல்ல முடிந்தது. இந்த ஒரு வேறுபாடுதான் ஒன்றைக் கல்விக்கூடமாகவும் மற்றதைச் சிறையாகவும் ஆக்கியது.

பகற்பள்ளிகள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதே கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நடந்த பகற்பள்ளிகளிலும் கொடுமைகள் நிகழ்ந்தன. 2019-இல் அதற்கென ஒரு இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. மாலையில் வீடு திரும்புவது பிள்ளைக்கு முழுக் காப்பு ஆகாது. பயந்த பிள்ளை வீட்டில் வாய் திறக்காது. திறந்தாலும் அதிகாரமில்லாத பெற்றோரால் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் தழும்பைத் தாய் பார்க்கிறாள். காய்ச்சல் கண்ட பிள்ளை தன் பாயில் படுக்கிறது. தாய்மொழி நாக்கில் தங்குகிறது. பகற்பள்ளியில் கொடுமை நடக்க வேண்டுமானால் வீட்டையும் அச்சுறுத்தியாக வேண்டும். விடுதியில் சுவர் ஒன்றே போதும். எந்தச் சமயத்தாரின் விடுதியானாலும், நடத்துபவர் எத்தனை நல்லவரானாலும், இந்த வேறுபாடு மாறாது. தமிழ்நாட்டில் 2014-இல் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்தத் தனிச் சட்டமே தேவைப்பட்டதும் இதனால்தான். சமயம் என்ற பெயரைச் சொல்லி எந்த விடுதியும் இப்படிப்பட்ட மேற்பார்வையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒரு எதிர்வாதம் இருக்கிறது, அது நேர்மையானது. சில சமயக் கல்விகள் உண்மையிலேயே முழுநாள் வாழ்க்கையைக் கேட்கின்றன. வேதம் ஓதுவது வாயும் செவியும் பல ஆண்டு பழக வேண்டிய வித்தை. குர்ஆனை முழுவதும் மனனம் செய்வதும் அப்படியே. ஓதுவாருக்குப் பண் வசப்பட ஆசானோடு இருந்தாக வேண்டும். குருமாணவர்களும் துறவிகளும் ஒரு வாழ்க்கை முறையையே பயில்கிறார்கள். இவற்றைப் பகற்பள்ளியில் அடக்கிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவை ஒரு தொழிலுக்கும் துறவுக்குமான பயிற்சிகள். அவற்றுக்குச் செல்பவர் தான் எதற்குப் போகிறோம் என்று அறிந்து போக வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த அறிவு இல்லை. பதினாறு வயதில் ஓரளவு உண்டு. சிறுவயதிலேயே தொடங்கினால்தான் நாக்கு வளையும் என்று ஆசான்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் அந்த வயதில் ஊரிலேயே, கோயிலிலோ பள்ளிவாசலிலோ, காலையும் மாலையும் கற்பிக்கலாம். தமிழ்நாட்டு மக்தபுகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் கோயில் தேவார வகுப்புகளிலும் அதுதான் நடக்கிறது. அங்கே பிள்ளை பொதுப் பள்ளியையும் விடுவதில்லை. விடுதிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு ஒரு வீடு வந்தால், கேட்க வேண்டியவை சில உண்டு. பிள்ளை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வீடு வரும்? சொல்லாமல் போய்ப் பார்த்தால் உள்ளே விடுவார்களா? கணக்கும் அறிவியலும் மொழியும் அரசுத் தேர்வு எழுதும் அளவுக்குக் கற்பிக்கிறார்களா? பிள்ளை வேண்டாம் என்றால் இடையில் அழைத்து வர முடியுமா, அப்போது பள்ளிச் சான்றிதழைத் தடையின்றித் தருவார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தர மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.